பிறந்ததிலிருந்து பார்க்கும் குழந்தை டாக்டரை மாற்றலாமா?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டிருப்பவர் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கும் ஒரு தாய். பெண்ணுக்கு நாலு வயது, பையனுக்குப் பத்து மாதம். இரண்டு பேருக்கும் பிறந்ததிலிருந்து ஒரே டாக்டர்தான், வீட்டுக்காரரைச் சின்ன வயதில் பார்த்தவரும் அவரே. சாயந்திரம் டோக்கன் போட்டால் உள்ளே போக ஒன்பது மணி ஆகிறது, போனால் இரண்டு நிமிடம், எந்தக் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக், சில நாள் ஊசி. அம்மா வீடு ஏற்காட்டில் நாகலூர் பக்கம், அங்கே போய்த் தங்கி வந்தாலே பெண்ணுக்கு இளைப்பு வந்துவிடுகிறது, ஒவ்வொரு தடவையும் நெபுலைசர் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். "ஏன் சார் திரும்பத் திரும்ப வருது" என்று போன தடவை கேட்டதற்கு "டாக்டர் நீங்களா நானா" என்றாராம். மாமியார், அவர் கைராசிக்காரர், மாற்றவே கூடாது என்கிறார். மாற்றலாமா, மாற்றினால் எப்படி மாற்றுவது?

மாற்றலாம். உங்கள் விஷயத்தில் மாற்றவும் வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நீங்கள் அடுக்கியிருக்கும் காரணங்களில் சிலது காரணமே இல்லை, நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம்தான் பெரிய காரணம். சேலத்தில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக ரொம்ப காலம் வேலை பார்த்தவள் நான். எந்தத் தாய் டாக்டரை மாற்றி நிம்மதியானார், யார் மாற்றி மாற்றி அலைந்தார் என்று இரண்டையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூட்டத்தை விட்டுவிடுங்கள். ஐந்து ரோடு, பேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி, எங்கே போனாலும் நல்ல குழந்தை டாக்டர் என்று பேர் வாங்கியவரிடம் கூட்டம் இருக்கத்தான் செய்யும், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். இரண்டு நிமிடம் என்பதும் தன்னளவில் குற்றம் இல்லை. அந்த இரண்டு நிமிடத்தில் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. குழந்தையை எடை போட்டார்களா? சட்டையைத் தூக்கி நெஞ்சு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்தாரா, இல்லை சட்டை மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்து எடுத்துவிட்டாரா? காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாரா? ஒன்றுக்கு எத்தனை தடவை போனாள், தண்ணீர் குடிக்கிறாளா என்று கேட்டாரா? கை பழகிய டாக்டர் இதையெல்லாம் பேசிக்கொண்டே செய்து முடித்துவிடுவார். பதினைந்து நிமிடம் சிரித்துப் பேசிவிட்டு இதில் ஒன்றையும் செய்யாதவர்களும் உண்டு.

எடை போடுவதை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தை மருந்து வயதுக்கு இல்லை, எடைக்கு. பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் கணக்கு. பத்து கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம். கடையில் அதே பேரில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கும் பாட்டிலும் இருக்கிறது, 250 இருக்கும் பாட்டிலும் இருக்கிறது, கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 இருக்கும். 125 பாட்டிலில் 6 மில்லி சரியான அளவு என்றால் 250 பாட்டிலில் 3 மில்லிதான். பழைய சீட்டைப் பார்த்துப் புதுப் பாட்டிலில் 6 மில்லி ஊற்றினால் இரட்டிப்பாகப் போய்விடும். "காய்ச்சல் சிரப் அஞ்சு மில்லி கொடுங்க" என்று எந்தப் பாட்டில் என்று சொல்லாமல் அனுப்பும் டாக்டரைப் பற்றிக் கட்டாயம் யோசிக்க வேண்டும். உங்கள் டாக்டர் சீட்டில் எடை எழுதியிருக்கிறாரா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது கைராசி. மாமியாரோடு சண்டை போடாதீர்கள், அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆனால் அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். சாதாரண வைரஸ் காய்ச்சல் மூன்று நாளிலிருந்து ஐந்து நாள் வரை இருக்கும், எந்த மருந்து கொடுத்தாலும் அவ்வளவுதான், கொடுக்காவிட்டாலும் அவ்வளவுதான். முதல் நாள் ஒரு டாக்டரிடம் போகிறோம், அவர் பாராசிட்டமால் கொடுத்து, தண்ணீர் நிறையக் கொடுங்க, மூன்று நாள் பார்க்கலாம் என்கிறார். ராத்திரி மறுபடி கொதிக்கிறது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று வேறொருவரிடம் ஓடுகிறோம், அவர் ஊசி போடுகிறார், ஆன்டிபயாட்டிக் எழுதுகிறார், நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிடுகிறது. முதல் டாக்டர் ஒன்றும் தெரியாதவர், இரண்டாவது டாக்டர் கைராசிக்காரர் என்று தெருவே பேசும். காய்ச்சல் தானாக விட்டிருக்கிறது. முதல் டாக்டர் செய்ததுதான் சரியான வைத்தியம்.

இதனால் பேர் கெடுவது மட்டும் என்றால் பரவாயில்லை. டெங்குவில் இது உயிர் விஷயம். காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் அதில் ஆபத்தான நாள், குழந்தை சோர்ந்து போவது, வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் சில்லிடுவது எல்லாம் அப்போதுதான் வரும். முதல் நாள் ரத்தப் பரிசோதனையையும் மூன்றாம் நாள் பரிசோதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று தெரியும். நடுவில் ஆள் மாறி, பழைய ரிப்போர்ட்டும் வீட்டிலேயே கிடந்தால் புது டாக்டர் இருட்டில் நடக்க வேண்டியதுதான். அதனால் சொல்கிறேன், மாற்றுவதாக முடிவு செய்தாலும் காய்ச்சலுக்கு நடுவில் மாற்றாதீர்கள். குழந்தை மூச்சு வாங்குகிறது, எழுப்பினால் எழுந்திருக்கவில்லை, வலிப்பு, எதைக் கொடுத்தாலும் வாந்தி, ஆறேழு மணி நேரமாக ஒன்றுக்கே போகவில்லை, மூன்று மாதம் முடியாத குழந்தைக்குக் காய்ச்சல், இப்படி எதுவாக இருந்தாலும் எந்த டாக்டர் என்று யோசிக்கவே வேண்டாம். பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே, இல்லை 108ஐக் கூப்பிட்டு நேரே மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆன்டிபயாட்டிக் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயம்தான். சின்னக் குழந்தைக்கு வருடத்தில் ஆறு எட்டு தடவை சளி பிடிப்பது சாதாரணம், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் அதைவிடக் கூடவும் வரும். பெரும்பாலும் வைரஸ், அதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். காதில் சீழ், நிமோனியா, சிறுநீர்த் தொற்று, டைபாய்டு என்றால் கட்டாயம் வேண்டும், அப்போது பாதியில் நிறுத்தவும் கூடாது. ஆகவே ஆன்டிபயாட்டிக் எழுதுகிறவர் கெட்ட டாக்டர், எழுதாதவர் நல்ல டாக்டர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எதற்காக எழுதுகிறார் என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். "காதுல சீழ் இருக்கும்மா, அதுக்குத்தான்" என்றால் அது காரணம். "போட்டு வைப்போம்" என்றால் அது காரணம் இல்லை. எந்த இருமலுக்கும் இருமல் சிரப் எழுதுவதும் அப்படித்தான். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தது 2025இல். அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையும் இரண்டு வயதுக்குள் இருமல், சளி சிரப்பே எழுத வேண்டாம், ஐந்து வயதுக்குள்ளும் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. உங்கள் பையனுக்குப் பத்து மாதம். அவன் சீட்டில் இருமல் சிரப் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் பார்த்த அன்றைக்கே மாற்றச் சொல்வேன், பேர் இல்லாத மருந்து. மாத்திரையைப் பொடி பண்ணிப் பொட்டலம் மடித்துக் கொடுப்பது, லேபிள் இல்லாத பாட்டிலில் கலந்து கொடுப்பது, என்ன ஊசி என்று கேட்டால் "சத்து ஊசி" என்பது. உடனே கேட்கிறது என்று சந்தோஷப்படுவோம், உள்ளே ஸ்டீராய்டு இருந்தாலும் நமக்குத் தெரியாது. உங்கள் டாக்டர் இப்படிச் செய்கிறார் என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் படிக்கிற மற்றவர்களுக்காக இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

இனி உங்கள் பெண்ணின் இளைப்பு. நான் பெரிய காரணம் என்று சொன்னது இதைத்தான். ஏற்காடு கிட்டத்தட்ட ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம். குளிர், பனிமூட்டம், மழையில் ஓதம் ஏறிய சுவர், விறகடுப்புப் புகை, பீரோவில் கிடந்து வருடத்துக்கு இரண்டு தடவை வெளியே வரும் கம்பளி, இதில் எது அவளுக்கு ஆகவில்லையோ தெரியாது. சளி பிடிக்கும்போது மட்டும் வருகிறதா, சளி இல்லாமலும் ராத்திரியில் இருமுகிறாளா, ஓடி விளையாடினால் இருமுகிறாளா, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, தோல் அரிப்பு உண்டா என்று ஒரு டாக்டர் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் இளைப்பை ஒவ்வொரு தடவையும் புதுசாகப் பார்த்து, நெபுலைசர் வைத்து அனுப்புவது அன்றைய ராத்திரிக்கான வைத்தியம் மட்டும்தான். அடுத்த தடவை வராமல் இருக்க என்ன செய்வது, வந்தால் வீட்டிலேயே முதலில் என்ன கொடுப்பது, எந்தக் கட்டத்தில் கிளம்பிவிட வேண்டும், இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இன்ஹேலரை ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி, முகத்தில் மாஸ்க் வைத்துக் கொடுப்பது இந்த வயதுக்கு நன்றாகவே செய்யலாம், சரியாகக் கொடுத்தால் நெபுலைசருக்குக் குறைந்தது இல்லை, பையில் போட்டு மலைக்கும் எடுத்துப் போகலாம். "பஃப் பழகிடும்" என்று இன்ஹேலரைப் பற்றிய பயம் நம் ஊரில் ரொம்ப ஆழமாக இருக்கிறது, அது உண்மை இல்லை. தேவைப்படும் குழந்தைக்கு அதைக் கொடுக்காமல் விடுவதில்தான் ஆபத்து.

யோசித்துப் பாருங்கள், ராத்திரி பதினோரு மணிக்கு நாகலூரில் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தால் முதலில் ஏற்காட்டுக்கு வர வேண்டும், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம், பனி இறங்கியிருந்தால் வண்டி ஊர்ந்துதான் வரும். மலையில் சொந்தம் இருக்கும் குழந்தைக்கு, கையில் திட்டம் எழுதிக் கொடுக்கும் டாக்டர் ரொம்ப முக்கியம். மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து, ஒரு முழு நிமிடம் வயிறும் நெஞ்சும் ஏறுவதை எண்ண வேண்டும், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் வேகமான மூச்சு. உங்கள் பையன் வயதில், அதாவது இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை, 50. விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிந்து குழிந்து போனால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள். மேலே ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலில் காட்டி, ஆக்சிஜனோ நெபுலைசரோ வைத்துக்கொண்டு இறங்குவது, நேரே காரில் இறங்குவதைவிட நல்லது.

அப்புறம் அந்த "டாக்டர் நீங்களா நானா". டாக்டர்கள் திட்டுவார்கள். பாட்டில் பால் கொடுத்ததற்குத் திட்டுவார்கள், தடுப்பூசியைத் தள்ளிப் போட்டதற்குத் திட்டுவார்கள், எடை ஏறவில்லை என்று திட்டுவார்கள், அதில் பாதி அக்கறை. நான் பார்த்த நல்ல டாக்டர்களில் சிலர் வாயைத் திறந்தாலே கடுகடுப்புதான், தாய்மார் அழுதுகொண்டே வெளியே வந்தாலும் அடுத்த தடவையும் அவரிடமே வருவார்கள், கேள்வி கேட்டால் பதில் கிடைக்கும் என்பதால். கேள்வியையே வாயில் அடைப்பது அப்படி இல்லை. அதன் விளைவு என்ன தெரியுமா, தாய் மறைக்க ஆரம்பித்துவிடுவார். ஆன்டிபயாட்டிக் இரண்டு நாளில் நிறுத்தியதைச் சொல்ல மாட்டார், நடுவில் வேறு டாக்டரிடம் காட்டியதைச் சொல்ல மாட்டார், பாட்டி வசம்பு உரைத்துக் கொடுத்ததைச் சொல்ல மாட்டார். இதெல்லாம் தெரியாமல் எழுதும் மருந்து எப்படிச் சரியாக இருக்கும்? உங்களையே கேட்டுப் பாருங்கள், அவரிடம் பயந்து எதையாவது சொல்லாமல் விடுகிறீர்களா என்று. ஆமாம் என்றால் அவர் எவ்வளவு பெரிய படிப்பு படித்தவராக இருந்தாலும் உங்கள் குழந்தைகளுக்கு அவர் பிரயோஜனப்பட மாட்டார்.

"பிறந்ததிலிருந்து பார்க்கிறார், அவருக்கு எல்லாம் தெரியும்" என்பதையும் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். அவரிடம் உங்கள் பெண்ணுக்கு ஃபைல் இருக்கிறதா? எத்தனை தடவை இளைப்பு வந்தது, என்ன கொடுத்தார், எடை எப்படி ஏறியது என்று அவர் எங்காவது எழுதி வைத்திருக்கிறாரா? அங்கேயும் இல்லை, உங்களிடமும் இல்லை என்றால் ஒரு நாளைக்கு நூறு குழந்தை பார்ப்பவருக்கு உங்கள் குழந்தையின் கதை எப்படி நினைவிருக்கும்? முகம் நினைவிருக்கும், அது பாசம். அந்தப் பாசத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் விட்டுப் போக முடியாத அளவுக்கு அதில் வைத்தியம் இல்லை.

மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு தடவை நேராகக் கேட்டுப் பாருங்கள். கூட்டம் குறைவான நேரத்தில், முடிந்தால் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் அங்கே வளர்ந்த பிள்ளை, அவர் கேட்டால் மரியாதைக்காகவாவது காது கொடுப்பார். "சார், இவளுக்கு இந்த வருஷத்துல இத்தனை தடவை இளைப்பு வந்துருச்சு, இது ஆஸ்துமாவா, பஃப் ஆரம்பிக்கணுமா, மலைக்குப் போறப்ப என்ன எடுத்துட்டுப் போகணும்" என்று எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள். உட்கார வைத்துச் சொன்னால் அவரிடமே இருங்கள், தடுப்பூசியிலிருந்து எல்லாம் தெரிந்த இடம். பழைய பதிலே வந்தால் கிளம்பிவிடுங்கள், இரண்டாவது தடவை கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

புது டாக்டரைத் தேடும்போது போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். குழந்தை மருத்துவத்தில் எம்.டி., டி.சி.எச்., டி.என்.பி. இதில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும், வெறும் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டுக் குழந்தைகளையும் பார்க்கிறவர் வேறு. பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் மூன்று விஷயம் ரிசப்ஷனிலேயே கேட்டுவிடலாம், ராத்திரி வந்தால் யார் பார்ப்பார்கள், டாக்டர் ஊரில் இல்லாதபோது யாரிடம் அனுப்புவார், படுக்க வைக்க வேண்டியிருந்தால் எங்கே. அம்மாப்பேட்டையிலிருந்து சாயந்திர நெரிசலில் ஊருக்கு மறுமுனைக்குப் போவது எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே தெரியும், பேர் பெற்றவர் என்பதற்காக அவ்வளவு தூரம் போய்ச் சேராதீர்கள். காய்ச்சலுக்குப் பக்கத்தில் ஒருவர், இளைப்புக்குப் பெரிய இடத்தில் ஒருவர் என்று இரண்டு பேரை வைத்துக்கொள்வதும் தப்பில்லை. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

போகும் முதல் நாள் குழந்தைகள் இரண்டு பேரும் நன்றாக இருக்கும் நாளாக இருக்கட்டும், பையனின் தடுப்பூசிக்கோ எடை பார்க்கவோ என்று போங்கள். காய்ச்சலில் அழும் குழந்தையை வைத்துக்கொண்டு நாலு வருடக் கதை சொல்ல முடியாது. தடுப்பூசி அட்டை, பழைய சீட்டுகள், ரத்தப் பரிசோதனைகள், பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போடுங்கள், எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தும் வையுங்கள். எப்போதாவது அட்மிட் பண்ணியிருந்தால் அந்த ரெக்கார்டைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, 2002இல் வந்த மருத்துவ கவுன்சில் விதிப்படி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், மூன்று வருடம் பத்திரப்படுத்தி வைத்திருக்கவும் வேண்டும். அட்டையில் ஒன்பதாம் மாதத் தட்டம்மை ரூபெல்லா ஊசி, நிமோனியா பூஸ்டர், மூன்றாவது போலியோ ஊசி இருக்கிறதா என்று பாருங்கள், பத்து மாதம் ஆகிவிட்டது. விட்டுப்போயிருந்தால் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போடலாம். இடைவெளி விழுந்துவிட்டது என்று முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

பழைய டாக்டரிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டுமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். தேவையில்லை, மனசு கேட்கவில்லை என்றால், வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவரைப் பார்க்கிறோம் சார் என்று வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லட்டும். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள். மாமியாருக்குக் காலில் வலி என்று அவரையே பார்க்கப் பிரியப்பட்டால் போகட்டும். பெண்ணின் ஃபைல் மட்டும் இனிமேல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.